முட்டைக்குச் சொன்ன நியாயம்

அப்பா,

போன வாரம் கடைவாய்ப் பல் வீங்கிப்போய், பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் ஒரு நெடி மேலே வந்தது. கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் பூசணம் பிடித்த மாவு. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை எனக்கு முதலில் பழக்கமானது உங்கள் சட்டைக் கையில். கோழிகளுக்குச் சளி கண்ட நாட்களில் நீங்கள் வேலை பார்த்த பண்ணையின் தண்ணீர்த் தொட்டியில் மருந்துப் பொடியை நீங்களே கையால் கலக்கிவிட்டு வருவீர்கள். துவைத்துக் காயப்போட்ட பிறகும் சட்டையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாவு வீட்டில் நான் அழவில்லை. ‘அதிர்ச்சியில இருக்கறா, உடுங்க’ என்று பெண்கள் எனக்காகப் பேசிக்கொண்டார்கள். அதிர்ச்சியெல்லாம் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். பாடையில் படுத்திருக்கும் மனிதர்மேல் கோபமாக இருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது? இப்போது உங்களிடமே சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் நன்றிகெட்டவள் என்பார்கள். நீங்களாவது பாதியில் எழுந்து போக முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் என் கோபமே பொய்யாகிவிடும்.

அம்மா இறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி, உண்டாகி, பிரசவத்துக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. மாமியார் படுத்த படுக்கை. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போய்விட்டால் மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டார். ராசிபுரத்து அத்தை, உங்கள் தங்கை, “எங்கூட்டுக்கு அனுப்பி உடுங்கண்ணா. புள்ளை பெத்தவளை ஒரு ஆம்பளை ஒத்தையில வெச்சுப் பாக்க முடியுமா?” என்று கேட்டார். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. “என்ற புள்ளைய நானே பாத்துக்கறேன்” என்றீர்கள்.

பார்த்துக்கொண்டீர்கள். புதன்சந்தைக்குப் பக்கத்தில் நம் ஓட்டு வீட்டில், பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு, பூண்டை உரித்து நல்லெண்ணெயில் வதக்கி, யார் யாரிடமோ கேட்டுப் பத்தியக் குழம்பு வைத்தீர்கள். முதல் நாள் உப்பே இல்லை. இரண்டாம் நாள் வாயில் வைக்க முடியாத உப்பு. குழந்தையைக் குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வருவார். மற்றதெல்லாம் நீங்கள்தான். என் துணிகளையும் குழந்தையின் ஈரத் துணிகளையும் அலசிக் கொடியில் போடும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். “அத்தனை ஆயிரம் கோழியப் பாத்தவன், ஒரு குஞ்சைப் பாக்க மாட்டனா?” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவீர்கள். அவர்கள் சிரிப்பு அடங்கிவிடும்.

என் மகனை நாம் தம்பி என்றுதான் கூப்பிட்டோம். தம்பி முதல் சில வாரங்கள் சமர்த்தாக இருந்தான். பிறகு சாயங்காலமானால் அழ ஆரம்பித்தான். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் போதும், கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, கையை இறுக்க மூடிக்கொண்டு, முகம் சிவக்க வீறிடுவான். வயிறு கல் மாதிரி இருக்கும். மார்பில் போட்டால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முதுகை வில்லாக வளைத்துக் கத்துவான். எனக்கும் சேர்ந்து அழுகை வரும். என் பாலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் அவனை வாங்கி உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வைப்பீர்கள். தலை முழங்கை மடிப்பில் இருக்கும். கால்கள் இரண்டு பக்கமும் தொங்கும். வயிறு உங்கள் கையில் அழுந்தியிருக்கும். மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டே வாசலுக்கும் சமையல்கட்டுக்குமாக நடப்பீர்கள். தொண்டைக்குள் ஒரு முனகல் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டும் நேரத்தில் கொட்டகைக்குள் நுழையும்போது கோழிகள் மிரளாமல் இருக்க நீங்கள் போடுகிற அதே சத்தம். சற்று நேரத்தில் தம்பி ‘டர்’ரென்று காற்றை விடுவான். “பாத்தயா, சாமி வண்டிய எடுத்துட்டான்!” என்பீர்கள். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிடுவேன். என்னைச் சாமி என்பீர்கள், அவனையும் சாமி என்பீர்கள். எந்தச் சாமியைக் கூப்பிடுகிறீர்கள் என்று குரலை வைத்தே எனக்குத் தெரியும்.

அந்தக் கையைப் போல இன்னொரு கை அவனுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் பேச்சுக்குச் சொந்தத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அதுவும் சும்மா வந்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது பண்ணையில் ஒரு கொட்டகைக் கோழிகளுக்கு நோய் வந்தது. மருந்து கலந்தீர்கள். மருந்து உடம்பில் இருக்கும் வரைக்கும் அந்தக் கோழிகளின் முட்டை வெளியே போகக் கூடாது. முதலாளியோ, “யாருக்குய்யா தெரியப் போவுது, ஏத்துங்க” என்றார். நீங்கள் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டீர்கள். “எவனோ பெத்த கொழந்தை திங்கறதுங்க. என்னால முடியாதுங்க. வேணும்னா என்னைய நிறுத்திருங்க” என்றீர்கள். வேலை போகவில்லை. முட்டைகளைக் குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். அன்று சாயங்காலம் நீங்கள் அதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் அப்பா இந்த ஊரிலேயே பெரிய மனிதர் என்று நினைத்தேன்.

அந்த முட்டைதான் அப்பா, பிற்பாடு என்னை அறுத்தது.

தம்பி பிறந்து இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் காலையில் இடது மார்பில் ஓரிடம் தடித்துச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் வந்து பல் கிட்டியது. வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். நீங்கள் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை நாமக்கல்லுக்கு அழைத்துப் போனீர்கள்.

அந்த மருத்துவர் நடுவயதுப் பெண். பார்த்துவிட்டு, “பால் கட்டிக்கிட்டு கிருமி சேர்ந்திருக்கு. ஆன்டிபயாடிக் எழுதறேன். முழுசா முடிக்கணும், காய்ச்சல் நின்னுடுச்சுன்னு பாதியில விட்டுடக் கூடாது. பால் குடுக்கறதையும் நிறுத்தக் கூடாது. வலிச்சாலும் அந்தப் பக்கமும் குடுங்க. பால் தேங்கினாத்தான் மோசம்” என்றார்.

வெளியே நின்றிருந்த உங்களையும் உள்ளே கூப்பிட்டு அதையே திரும்பச் சொன்னார். நீங்கள் கேட்டீர்கள்: “மருந்து பாலுல எறங்குமுங்களா?”

“கொஞ்சம் போகும். குழந்தைக்கு அதனால ஒண்ணும் ஆகாது. சின்னக் குழந்தைகளுக்கே நாங்க குடுக்கற மருந்துதான் இது. வெளிக்கி கொஞ்சம் இளக்கமா போகலாம், பயப்படாதீங்க. சாயங்கால அழுகை இந்த வயசுல நிறையக் குழந்தைக்கு இருக்கறதுதான். மூணு மாசம் வந்தா தானா அடங்கும்.”

அவர் சொன்ன அத்தனையிலும் ‘கொஞ்சம் போகும்’ என்பது மட்டும்தான் உங்கள் காதில் நின்றது. திரும்பும் வழியில் ஆட்டோவில் உங்கள் கை தம்பியின் வயிற்றின் மேலேயே இருந்தது.

மாத்திரை போட ஆரம்பித்ததும் எனக்குக் காய்ச்சல் இறங்கியது. சிவப்பும் குறைந்தது. தம்பிக்கு மட்டும் வெளிக்கி இளகிப் போயிற்று. அன்று சாயங்காலம் எப்போதையும்விட அதிகமாகக் கத்தினான். உங்கள் முன்கையில் படுக்க வைத்தும் அடங்கவில்லை. நடந்தீர்கள், தடவினீர்கள், முனகினீர்கள். வீட்டைச் சுற்றி வந்தீர்கள். தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் குழைத்துப் போட்டீர்கள். அவன் குரல் கம்மிப்போகும் வரைக்கும் அழுதான். உங்கள் முகம் மாறிப்போனதைப் பார்த்தேன். அது வரைக்கும் உங்கள் கைக்கு அடங்காத உயிர் எதையும் நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அவன் அயர்ந்து தூங்கிய பிறகு என் கட்டிலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தீர்கள்.

“மருந்து தின்ன கோழி முட்டைய மனுசன் திங்கக் கூடாதுன்னு குழி வெட்டிப் பொதைக்கறோம். கோழிக்கு ஒரு நாயம், என்ற பேரனுக்கு ஒரு நாயமா சாமி?”

“அப்பா, டாக்டரம்மா ரெண்டு தடவை சொன்னாங்கல்ல. இது கொழந்தைக்கே குடுக்கற மருந்தாம்.”

“அவிய படிச்சது படிப்பு. நான் கண்ணுல பாத்தவன். நோவு வந்த கொழந்தைக்குக் குடுக்கறது வேற. நல்லா இருக்கற கொழந்தை வகுத்துல எதுக்கு அதை எறக்கோணும்? ஒண்ணு மாத்திரைய நிறுத்து. இல்லீன்னா பாலை நிறுத்து. புட்டிப்பால் வாங்கியாறேன்.”

பாலை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, சிவப்பும்தான் குறைந்துவிட்டதே என்று நீங்களே எனக்குச் சமாதானம் சொன்னீர்கள். மாத்திரை அட்டையைத் தலைமாட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். நான் தடுத்தேன். “குடுங்கப்பா” என்று கையை நீட்டினேன். “அப்பன் மேல நம்பிக்கை இல்லையா சாமி?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தப் பெண்ணாவது நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருப்பாளா? மடக்கிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு சாயங்காலம் தம்பி அழவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தான். இப்போது யோசித்தால், அந்த மருத்துவர் சொன்ன மாதிரி அவனுக்கே அடங்கும் பருவம் தொடங்கியிருக்கலாம். வெறும் நல்ல நாளாகவும் இருந்திருக்கலாம். உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. “பாத்தயா? மாத்திரை நின்னுச்சு, சாமிக்கு நோவு நின்னுச்சு” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னீர்கள், பால்காரரிடம் சொன்னீர்கள், அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னீர்கள்.

மறுபடி காய்ச்சல் வந்தது. முதலில் வந்தது ஒன்றுமேயில்லை என்னும்படி வந்தது. மார்பு கறுஞ்சிவப்பாக, பளபளவென்று, உள்ளே ஏதோ கூழ் அசைவதுபோல ஆனது. குழந்தையை அந்தப் பக்கம் தூக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “நாளைக்கு ஒரு நா பாக்கலாம்” என்று சூடாகப் பற்றுப் போட்டீர்கள். மறுநாளும் பற்றுத்தான். திரும்பப் போனால் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று அத்தை பேரனைப் பார்க்க நெய் நிறைந்த தூக்குப் போசியோடு வந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் போசியைக் கீழே வைத்துவிட்டார். போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, புள்ளையக் கொல்றதுன்னு இருக்கீங்களா?” என்று கத்தினார். உங்களை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். அவர் காதில் வாங்கவில்லை. தெருவில் இறங்கி ஒரு வண்டியை நிறுத்தினார்.

சீழ் கட்டி உள்ளே பரவியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து அறுத்தார்கள். அறுத்த இடத்தைத் தைக்காமல் உள்ளே துணி திணித்து வைத்தார்கள். தினமும் அந்தத் துணியை இழுத்து எடுத்துப் புதிதாகத் திணிப்பார்கள். அப்போது நான் போட்ட சத்தம் வராந்தாவில் நின்ற உங்களுக்குக் கேட்டிருக்கும். காயத்தின் வழியாகப் பால் கசியும். கட்டுக்குமேல் கட்டாக நனைந்துபோகும். பக்கத்தில் என் குழந்தை பசியில் அழுவான். அவனுக்குப் போக வேண்டிய பால் பஞ்சுக்குப் போனது.

இதையெல்லாம்கூட நான் மன்னித்துவிட்டேன் அப்பா. உண்மையாகத்தான் சொல்கிறேன். தெரியாமல் செய்தீர்கள், பேரன்மேல் உள்ள பிரியத்தில் செய்தீர்கள். என்னால் விழுங்க முடியாதது வேறு ஒன்று.

அறுத்த மறுநாள் அதே மருத்துவர் கட்டிலருகே வந்து நின்றார். நீங்கள் என் கால்மாட்டில் நின்றிருந்தீர்கள். அவருக்குக் கோபம். “மாத்திரையிலயே இறங்கியிருக்க வேண்டிய காய்ச்சல்தானே? மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டார்.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

சட்டைப் பையில் அந்த அட்டை அப்போதும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளியின் வண்டிக்கு முன்னால் நின்ற மனிதர் ஒரு கேள்விக்கு இப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தேன். “நானேதான் நிறுத்திட்டேன் மேடம்” என்றேன்.

“படிச்ச பொண்ணுதானே நீ? உனக்கு அறிவு வேண்டாம்?” என்று ஆரம்பித்து அவர் நிறையத் திட்டினார். உடன் வந்த நர்சுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வாயைத் திறப்பீர்கள், இப்போது திறப்பீர்கள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, “டீ வாங்கியாறேன்” என்று வெளியே போனீர்கள்.

உங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நீங்கள் அப்படியே எடுத்து மடித்து வைத்துக்கொள்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். இடது பக்கம் பால் வற்றிப்போயிற்று. வலது பக்கம் போதவில்லை. நீங்கள் வேண்டாமென்று பயந்த மருந்து போய், நீங்கள் வாங்கிவருவதாகச் சொன்ன புட்டிப்பால் வந்தது. புட்டியில் காற்றையும் சேர்த்து விழுங்கி, அடங்க ஆரம்பித்திருந்த அவன் வயிறு மறுபடி உப்பியது. நீங்கள் மறுபடி முன்கையில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பிரியமாகவும் இருக்கும், ஏதாவது எடுத்து வீசலாம் போலவும் இருக்கும்.

பிறகு நீங்கள் கதை சொல்ல ஆரம்பித்தீர்கள். காதுகுத்து, கல்யாணம், கோயில் நோன்பு, எங்கே சொந்தம் கூடினாலும் யாராவது பிள்ளைப்பேறு பற்றிப் பேச்செடுத்தால் நீங்கள் தொடங்கிவிடுவீர்கள். “எங்கூட்டுப் புள்ளைக்குப் பால்கட்டுக்கு மாத்திரை குடுத்தாங்க. அது ஒடம்புக்கு ஒத்துக்காம நெஞ்சே புண்ணாப் போயி அறுக்க வேண்டியதாப் போச்சு. கொழந்தைக்கும் வகுத்து நோவு. பாலு குடுக்கறவ மாத்திரை திங்கவே கூடாதுங்க.” முதல் தடவை கேட்டபோது பந்தியில் என் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. நிறுத்தியதால் வந்ததைத் தின்றதால் வந்தது என்று மாற்றிவிட்டீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட உங்களுக்கு உறைக்கவில்லை. பொய் சொல்கிறவர் முகம் உங்களிடம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள்.

தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு தடவை கேட்டே விட்டேன். நீங்கள் நம் வீட்டுக் கூடத்தில் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“அப்பா, அன்னைக்கு டாக்டரம்மா கேட்டப்ப நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லலீங்க?”

“என்னைக்கு?”

“ஆஸ்பத்திரியில. மாத்திரைய யாரு நிறுத்தினதுன்னு கேட்டப்ப.”

என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருந்தது. கண்ணில் தெரிந்தது.

“பழசெல்லாம் எதுக்கு சாமி? பேரன் நல்லாத்தான இருக்கறான்?” என்றீர்கள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவில்லை. பக்கவாதம் வந்து நீங்கள் பேச்சில்லாமல் கிடந்தது கொஞ்ச காலம்தான். உங்களுக்குச் சோறு ஊட்டினேன், துணி மாற்றினேன். நீங்கள் எனக்குச் செய்ததைத் திரும்பச் செய்வதாக ஊரார் மெச்சினார்கள். அப்போதெல்லாம் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அதிலாவது ஏதாவது வருமா என்று. வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வரவில்லை.

உங்கள் சாவோடு அது முடிந்தது என்றிருந்தேன். முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அத்தை போன் செய்தார். அவர் மகள் சுகன்யாவைத் தலைப்பிரசவத்துக்கு ராசிபுரத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். “கொழந்தை சாயங்காலமான்னா ஒரே அழுகை. இவளுக்கும் காய்ச்ச. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ சாமி” என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

சுகன்யா கட்டிலில் கம்பளிக்குள் கிடந்தாள். குழந்தை தொட்டிலில் புட்டியோடு. விலக்கிப் பார்த்தேன். அதே இடம் இல்லை, வலது பக்கம். அதே சிவப்பு.

“டாக்டர்கிட்டப் போனியா?”

“போனங்க்கா. மாத்திரை குடுத்தாங்க. பாலும் குடுக்கச் சொன்னாங்க. அம்மாதான் ரெண்டும் வேண்டான்னு மாத்திரைய எடுத்து வெச்சிருச்சு.”

அத்தை பீரோவின் மேலே கையைக் காட்டினார். “உங்கப்பன் எத்தனை தடவை சொல்லியிருக்கறாரு? நீயே மாத்திரை ஒத்துக்காமத்தான அந்தப் பாடு பட்ட? எங்கண்ணன் சொன்னா நான் மீற மாட்டேன்.”

அப்பா, அன்று உங்களைப் பார்த்துக் கத்தியது இந்த அத்தைதான். வண்டியை நிறுத்தியது இவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சத்தத்தைக் கேட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றது இவர்தான். கண்ணால் பார்த்தவர். அவரே மறந்துபோகும் அளவுக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

“ஒத்துக்காம இல்லீங்கத்தை. பாதியில நிறுத்தினதாலதான் அறுத்தாங்க. அப்பாதான் நிறுத்தினாங்க.”

“டாக்டர்கிட்ட நீதான நிறுத்தினேன்னு சொன்ன?”

“அவங்களுக்காகச் சொன்னேன்.”

அத்தை முகம் இறுகிப்போயிற்று. “செத்துப்போன மனுசன் மேல பழி போடறியா? பெத்த தாய்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டா. உன்ற துணியெல்லாம் தொவைச்ச கையி அது.”

“தொவைச்சாங்க. மாத்திரைய எடுத்து வெச்சுக்கிட்டதும் அதே கைதானுங்க. ரெண்டும் அப்பாதான்.”

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றி அத்தைக்கும் சுகன்யாவுக்கும் முன்னால் காட்டினேன். குழிந்து சுருங்கிய இடத்தை என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. அத்தை பார்த்தார். பார்த்துவிட்டு அறையைவிட்டு வெளியே போனார். சுகன்யாதான் எழுந்து உட்கார்ந்து, “அந்த மாத்திரைய எடுத்துக் குடுங்க்கா” என்றாள். நாற்காலியைப் போட்டு ஏறி எடுத்தேன். விழுங்கினாள். குழந்தையை எடுத்து மடியில் வைத்தேன். வலிக்கும் பக்கத்தில் வாய் பட்டபோது அவள் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். குழந்தை குடித்தது. அதன் பிறகு எப்போதும்போல வயிற்றை உப்பிக்கொண்டு அழவும் செய்தது. “இது மாத்திரையால இல்ல சுகன்யா. நீ திங்கறதுக்கு முன்னாடியும் அழுதுச்சுல்ல? மறுபடியும் அழும். தோள்ல போட்டுத் தட்டு, ஏப்பம் வரட்டும். கொஞ்ச நாள்தான்” என்றேன்.

டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அவள் மாத்திரையை முடித்தாள். அறுவை இல்லை. குழந்தை இப்போது அவளிடமே பால் குடிக்கிறது. அதைச் சொல்லத்தான் போன் செய்தாள். சொல்லிவிட்டுத் தயங்கி, “அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அம்மா வாரவங்ககிட்ட எல்லாம் என்ன சொல்லுது தெரியுமா? மாமா போட்டோவுக்கு தெனமும் வெளக்குப் போட்டுச்சாம், அதனாலதான் எனக்குச் சரியாச்சாம்” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் இல்லாமலேயே நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. உங்கள் வருசத் திதிக்குக்கூட என் பக்கம் திரும்பாமல் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சொந்தத்தில் பலருக்கு இப்போது நான் தகப்பனைத் தூற்றிய பெண். இருக்கட்டும். உங்கள் படத்துக்கு நானும்தான் பூ வைக்கிறேன். வைக்கும்போது பிரியமும் வருகிறது, பின்னாலேயே கோபமும் வருகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தை நான் இன்னும் சுமக்கிறேன். உடம்பில் இருக்கும் தழும்பு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் திட்டினேன். என் வண்டிச் சாவியை எடுத்து விளையாடி எங்கோ போட்டுவிட்டான் என்று. அவன் எடுக்கவில்லை என்று அழுதான். பொய் சொல்லாதே என்று கையை ஓங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவி என் கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். நாளாக நாளாக நானும் நம்பியிருப்பேன்.

அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். “நான்தான் சாமி பையில வெச்சுட்டு மறந்துட்டேன். உன்ற மேல தப்பில்ல. தப்பு என்ற மேலதான்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “செரிம்மா” என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

அவ்வளவுதான் அப்பா. அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.